பழைய மூன்று சக்கர வண்டிக்குப் பின்பக்க டிஸ்க் பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே, கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எல்லைச் சாவடிகளை ஒட்டிய ஊர்களில் பழைய ஆட்டோவையோ சிறிய சரக்கு வண்டியையோ ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பின் சக்கரங்களின் டிரம் பிரேக்கை (சுழலும் உருளைக்குள் ஷூக்கள் விரிந்து உரசிப் பிடிப்பது) எடுத்துவிட்டு டிஸ்க் (சுழலும் தகட்டைப் பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிப்பது) பொருத்தலாமா, பொருத்தினால் எதை எப்படி அளக்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றுக்கு இங்கே விடை உண்டு. பட்டறையில் வழங்கும் சொற்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

எந்த வண்டிகளைப் பற்றிய விடைகள் இவை?

முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரங்களும் கொண்ட, எட்டு அங்குல ரிம்மில் 4.00-8 டயர் ஓடும் சிறிய வண்டிகளைப் பற்றியவை. பஜாஜ் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த பின் எஞ்சின் ஆட்டோவும் அதன் சரக்கு வடிவங்களும் இந்த வகையில் மிகவும் பரவலானவை. எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள அதற்கு முந்தைய வண்டிகளுக்கும், லாம்ப்ரெட்டா வழிவந்த மூன்று சக்கர வண்டிகளுக்கும் கொள்கை ஒன்றே, ஆனால் அளவுகள் மாறும். எனவே கீழே வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியில் அளந்து, அந்த அளவைக் கணக்கில் இட்டுப் பார்க்க வேண்டும்.

பின்னால் டிஸ்க் உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. பிரேக் பிடிக்கவில்லை என்று கொண்டுவரப்படும் பழைய ஆட்டோவின் பின் டிரம்மைத் திறந்தால், ஆக்சில் ஆயில் சீல் கசிந்து ஆயில் லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) ஊறியிருப்பதையோ, ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் இறுகி நிற்பதையோ, பலமுறை கடைந்த டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருப்பதையோதான் பெரும்பாலும் காண முடியும். இந்த மூன்றையும் சரிசெய்து, லைனிங் முழுப் பரப்பிலும் டிரம்மைத் தொடுமாறு அமைத்து, பிரேக் குழாயில் சிக்கிய ஏரை எடுத்துவிட்டால், சமவெளியில் ஓடும் வண்டிக்கு அந்தப் பிரேக் போதும். ஆயில் சீல் கசிவை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க் பொருத்தினால் அதே ஆயில் பேடில் ஊறும்; செலவு செய்தும் பழைய நிலைதான் மிஞ்சும்.

டிரம்மைத் திறக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குத் தீராத கேடு செய்வது. காற்றுக் குழாயால் ஊதித் தூசைப் பறக்கவிடாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை நெகிழிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். முகத்தில் நல்ல முகமூடி இருக்க வேண்டும்.

டிஸ்க் பொருத்துவதற்கு நியாயமான காரணம் இரண்டு. ஒன்று, சுமையோடு மலை இறங்கும் வண்டி: ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் வால்பாறைச் சாலையிலும், நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியே செல்லும் நெல்லியாம்பதிச் சாலையிலும் இறங்கும்போது டிரம்முக்குள் சூடு அடைபட்டு, பெடல் கெட்டியாகவே இருந்தும் பிடிப்பு குறையும். திறந்த தகட்டில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மற்றொன்று மழை. நீர் புகுந்த டிரம் காய நெடுநேரம் ஆகும். தகட்டின் மேலுள்ள நீரைப் பேடுகள் ஓரிரு சுற்றிலேயே வழித்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய பின் பாலக்காட்டுக் கணவாய் வழியே தினமும் போய் வருகிறவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

எல்லா வாகனத்திலும் முன் பிரேக்தானே முக்கியம்? இங்கே ஏன் பின்னால்?

முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில் எடையின் பெரும்பகுதி பின்னால்தான் நிற்கிறது. மொத்த எடையில் 65 விழுக்காடு பின்னால் இருப்பதாகவும், எடைமையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், முன் பின் அச்சுகளின் இடைவெளி 2 மீட்டர் எனவும் வைத்துக்கொண்டால், புவியீர்ப்பின் பாதி அளவுக்குக் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது எடையில் 15 விழுக்காடு முன்னோக்கி நகரும். அப்போதும் பாதி எடை பின் சக்கரங்களின் மேல் இருக்கும். நான்கு சக்கரக் காரிலோ இரு சக்கர வண்டியிலோ நிலைமை இப்படி இல்லை.

தவிர, வளைவில் முன் சக்கரத்தை மட்டும் கடுமையாகப் பிடித்தால், முன் சக்கரத்தையும் வெளிப்புறப் பின் சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல் வண்டி கவிழப் பார்க்கும். ஆகவே முன் பிரேக்கைப் பலப்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பின்னால் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கும் நல்ல பிரேக்கே இவ்வகை வண்டிக்கு முதுகெலும்பு.

முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள பழைய வண்டிக்கு?

ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் கே.ஆர். 200, இங்கிலாந்தின் மார்கன் போன்றவை அந்த வகை. அவற்றில் பின் சக்கரத்தின் மேல் எடை குறைவு. பிரேக் பிடிக்கும்போது இன்னும் குறையும். பின்னால் டிஸ்க் பொருத்துவதால் அங்கே கிடைப்பது சிறிதே, சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்தோ பெரிது.

எட்டு அங்குல ரிம்முக்குள் டிஸ்க்கும் கேலிப்பரும் எப்படி அடங்கும்?

ரிம்முக்குள் அடங்காது. வேலையின் பாதிச் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எட்டு அங்குலம் என்பது டயர் அமரும் விளிம்பின் விட்டம், அதாவது ஏறத்தாழ 203 மி.மீ. உட்குழிவைக் கழித்தால் உள்ளே கிடைக்கும் இடம் இன்னும் சிறியது. அதற்குள் கேலிப்பருக்கும், அதாவது பேடுகளைத் தாங்கித் தகட்டைக் கவ்வும் பாகத்துக்கும், சேர்த்து இடம் விட வேண்டுமென்றால் டிஸ்க்கின் விட்டம் பயனற்ற அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே டிஸ்க்கை ரிம்முக்குள் வைக்காமல், சக்கரத்தின் உட்பக்க முகத்துக்கும் டிரெய்லிங் ஆர்முக்கும் (சக்கரத்தைத் தாங்கி அதோடு ஏறி இறங்கும் கை) இடையே உள்ள வெளியில் நிறுத்த வேண்டும். அங்கே நின்றால் 190 மி.மீ. விட்டம் வரை தாராளமாகப் போகலாம், 4.00-8 டயரின் ஆரம் ஏறத்தாழ 200 மி.மீ. ஆதலால் தகட்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து பத்து செ.மீ. உயரத்தில் இருக்கும். கேலிப்பரை அச்சுக்குக் கீழே ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. அச்சுக்குப் பின்புறம் சற்று மேலே பார்த்து அமர்த்த வேண்டும்.

இந்த இடைவெளியை அளக்கும் முறையே எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, டிரெய்லிங் ஆர்மைக் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை கையால் தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்துக்கும் ஆர்முக்கும், ஆர்முக்கும் பாடிக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி காலியாக நிற்கும்போது விரல் நுழையும் இடம், சுமை ஏறி ஒரு குழியில் விழும்போது இல்லாமல் போகலாம். கெட்டி அட்டையில் டிஸ்க்கின் வடிவத்தை வெட்டி, மரக்கட்டையில் கேலிப்பரின் அளவுக்கு ஒரு பொம்மை செய்து, அதை வைத்து ஓட்டிப் பார்த்த பின்னரே இரும்பில் கை வைக்க வேண்டும். சுழலும் எந்தப் பாகத்துக்கும் கேலிப்பருக்கும் இடையே குறைந்தது நான்கைந்து மி.மீ. வெளி இருக்கட்டும், மண் சாலையில் சிக்கும் சிறு கற்களுக்கும் அந்த இடம் வேண்டும். மிதக்கும் வகைக் கேலிப்பரின் பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் அதன் மறுபக்கம் மெல்லியதாக அமையும். அந்த மெல்லிய பக்கம் சக்கரத்தை நோக்கி வருமாறு பொருத்தினால் இடம் மிச்சமாகும்.

கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் ஷாஃப்டின் முனையிலேயே டிஸ்க்கை வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பது உண்டு. சக்கரத்தில் இடப் பிரச்சினையே வராது என்பது உண்மை. ஆனால் அப்போது பிரேக்கின் முழு விசையும் ஷாஃப்ட் இணைப்புகள் வழியாகவே சக்கரத்துக்குப் போக வேண்டும். வயதான இணைப்பு ஒன்று முறிந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் முழுவதும் போய்விடும். டிஸ்க்கின் சூடும் கியர் பெட்டியின் ஆயில் சீலுக்கு அருகிலேயே இருக்கும். பழைய வண்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மோட்டார் சைக்கிளின் டிஸ்க்கும் கேலிப்பரும் போதுமா?

கேலிப்பர் போதும், டிஸ்க்கின் கனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கணக்கை ஒருமுறை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெடலின் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் துளை 19.05 மி.மீ. என்றால் பரப்பு 285 சதுர மி.மீ. பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று எனில், காலால் 200 நியூட்டன், அதாவது சுமார் இருபது கிலோ எடையளவு அழுத்தும்போது தள்ளுகோலில் 1,000 நியூட்டன் கிடைக்கும். குழாயில் ஒரு சதுர மி.மீ.க்கு 3.5 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். 34 மி.மீ. பிஸ்டன் ஒன்று உள்ள கேலிப்பரின் பரப்பு 908 சதுர மி.மீ.; அது பேடை ஏறத்தாழ 3,190 நியூட்டனுடன் அழுத்தும். தகட்டின் இரு முகங்களிலும் உராய்வுக் கெழு 0.4 என்றும், பேடின் நடுப்பகுதி அச்சிலிருந்து 80 மி.மீ. தொலைவில் இருப்பதாகவும் வைத்தால், ஒரு சக்கரத்தில் 204 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வரும். இரு சக்கரமும் சேர்ந்து டயர் தரையைத் தொடும் இடத்தில் 2,040 நியூட்டன்.

இது அதிகமா குறைவா என்பதைத் தரையின் பிடிப்போடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆளும் சுமையுமாக 600 கிலோ உள்ள வண்டியைக் கடுமையாக நிறுத்தும்போது பின் சக்கரங்களின் மேல் 300 கிலோ நிற்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் பிடிப்புக் கெழு 0.7 எனில் டயர்கள் தாங்கும் எல்லை 2,060 நியூட்டன். ஆக, இருபது கிலோ அழுத்தத்திலேயே எல்லையைத் தொட்டுவிட்டோம். அதே வண்டி ஓட்டுநர் மட்டும் ஏறி 350 கிலோவாக, மழை நனைத்த சாலையில் போகிறது என்று வையுங்கள். பிடிப்புக் கெழு 0.4 ஆகக் குறைய, பின் சக்கரங்கள் தாங்குவது ஏறத்தாழ 770 நியூட்டன் மட்டுமே. ஏழெட்டுக் கிலோ அளவுக்குப் பெடலைத் தொட்டதுமே சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கம் சறுக்கும்.

ஆகவே 34 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரே இந்த வண்டிக்கு மேல் எல்லை. இரட்டைப் பிஸ்டன் கிடைக்கிறது, பெரிய டிஸ்க் கிடைக்கிறது என்று வாங்கிப் பொருத்துகிறவர்கள் மழைக்காலத்தில் ஓட்ட முடியாத வண்டியைத்தான் செய்துகொள்வார்கள். சிறிய பிஸ்டன் உள்ள கேலிப்பர் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் பின்பக்கக் குழாயில் திருகி அமைக்கக்கூடிய அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்றை இணைத்து, காலி வண்டியோடு ஈரச் சாலையில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

கனத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் தகடுகள் பலவும் 4 மி.மீ. அளவில் இருக்கும். 190 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. உள்விட்டமும் உள்ள 4 மி.மீ. தகட்டின் உராய்வு வளையம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் 600 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 37 கிலோ ஜூல். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் போனால், ஒரு முறை நிறுத்துவதில் ஒவ்வொரு தகடும் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடேறும். சமவெளிக்கு இது ஒன்றுமில்லை. நூறு மீட்டர் உயரம் இறங்குவதில் 589 கிலோ ஜூல் வெளியாகிறது, அதாவது அப்படிப் பதினாறு முறை நிறுத்தியதற்குச் சமம். வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை இறங்கும் உயரம் அதைப் போலப் பல மடங்கு. மலைக்குப் போகும் வண்டிக்கு 5 அல்லது 6 மி.மீ. தகடு எடுப்பதே அறிவு. ஆனால் கேலிப்பரின் வாய் அந்தக் கனத்தை ஏற்குமா, புதுப் பேடுகளோடு இடம் இருக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா?

மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். முதலாவது, டிரம்முக்கென்று செய்யப்பட்ட மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் வெளிவாயில் ஒரு சிறு வால்வு இருந்து, காலை எடுத்த பின்னும் குழாயில் ஒரு பார் அளவுக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் விளிம்பு ஓரமாக ஒட்டி நிற்க அது தேவை. டிஸ்க்கில் அதே அழுத்தம் பேடைத் தகட்டோடு உரசியபடியே வைத்திருக்கும். கேலிப்பர் பிஸ்டனைப் பின்னிழுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீல் முறுக்கி மீள்வதுதான் அதைச் சிறிதளவு பின்னே கொண்டுவருகிறது. ஆகவே பின்பக்க வழியில் உள்ள அந்த வால்வை எடுத்தாக வேண்டும். முன்னால் டிரம் அப்படியே இருப்பதால் முன்பக்க வழியில் அது இருக்கட்டும். ஒரே வாயிலிருந்து மூன்று சக்கரத்துக்கும் குழாய் பிரியும் பழைய ஏற்பாடு என்றால், இரு வழியும் தனித்தனியான இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதே சரி. ஒரு வழி வெடித்தால் மறுவழியாவது நிற்கும் என்ற பாதுகாப்பும் அப்போது கிடைக்கும்.

இரண்டாவது, உயரம். இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில், கேலிப்பரின் உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கலாம். அப்படியிருந்தால் நிறுத்திவைத்த நேரத்தில் ஆயில் மெல்லப் பின்வாங்கி, மறுநாள் முதல் மிதி வெறுமையாகப் போகும். ஆயில் தொட்டியைத் தனியே உயரத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்துக் குழாய் இறக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மூன்றாவது, தொட்டியின் கொள்ளளவு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பும். இரு கேலிப்பரிலும் 5 மி.மீ. தேய்மானத்துக்கு 9 மில்லிலிட்டர் ஆயில் இறங்கும். சிறிய பழைய தொட்டியில் இது பெரிய அளவு.

பெடல் கடினமாக இருக்கிறதென்று சிறிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுகிறவர்கள், 19.05 மி.மீ.க்குப் பதில் 15.87 மி.மீ. போட்டால் அழுத்தம் 44 விழுக்காடு கூடும், பெடல் பயணமும் அதே அளவு கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். டிரம்மின் முன்னோக்கிய ஷூ சுழற்சியால் தானே இழுபட்டு இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லாததால் பெடல் சற்றுக் கனமாகத் தோன்றுவது இயல்பு. ஓரிரு வாரத்தில் கால் பழகிவிடும்.

ஹேண்ட் பிரேக் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. பழைய டிரம்மில் ஹேண்ட் பிரேக் கேபிள் அதே ஷூக்களைத்தான் விரித்தது. டிரம்மை எடுத்தால் அதுவும் போய்விடும், மோட்டார் சைக்கிள் கேலிப்பரிலோ கேபிள் மாட்ட இடமில்லை. குழாயில் வால்வு போட்டு அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் கருவியை ஹேண்ட் பிரேக்காகக் கொள்ள முடியாது: ஆயில் குளிர்ந்து சுருங்கினாலும் ஒரு சீல் சிறிது கசிந்தாலும் இரவில் வண்டி தானே உருண்டுவிடும்.

நான் ஏற்கும் வழி, அதே தகட்டில் அச்சின் மறுபக்கம் கேபிளால் இயங்கும் சிறிய இயந்திரக் கேலிப்பர் ஒன்றைத் தனியாக அமர்த்துவது. கோ-கார்ட் வண்டிகளுக்கு விற்கப்படும் வகை இதற்குப் பொருந்தும், சைக்கிளுக்குரியது போதாது. ஆறடி நீளத்துக்கு ஓரடி ஏறும் சரிவில் 600 கிலோ வண்டி நிற்க வேண்டுமானால், மேலே சொன்ன அளவுகளின்படி ஒவ்வொரு தகட்டையும் ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பிடித்தாக வேண்டும். பழைய ஹேண்ட் பிரேக் நெம்புகோலும், இரு கேபிளையும் சமமாக இழுக்கும் நடுத்துண்டும் அப்படியே பயன்படும். பொருத்திய பின் சுமையேற்றி, சரிவில் முகம் மேலும் கீழுமாக இரு முறை நிறுத்திப் பார்த்தாக வேண்டும்.

ஹப், பிராக்கெட் ஆகியவற்றை எங்கே, எதில் செய்வது?

பழைய டிரம்மின் விளிம்பைக் கடைந்து நீக்கி நடுப்பகுதியை ஹப்பாக (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் நடுப்பாகம்) வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. வார்ப்பிரும்பு மெலிந்தால் எச்சரிக்கை எதுவும் தராமல் உடையும் தன்மையுடையது. சக்கரத்தை மாட்டும் ஸ்டட்கள் அதில்தான் நிற்கின்றன. எனவே இ.என். 8 எனப்படும் நடுத்தரக் கார்பன் எஃகில் புது ஹப் கடைவதே பாதுகாப்பு. கோவையில் பம்பும் மோட்டாரும் செய்து பழகிய லேத் பட்டறைகளுக்கு இது வழக்கமான வேலை. பழைய ஹப்பையும் ஆக்சிலையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால், உள்பற்களின் பொருத்தத்தை அதை வைத்தே பார்த்துக்கொள்வார்கள். பழைய உதிரிப் பாகங்களுக்கு உக்கடம் பக்கம் தேடலாம், ஆனால் கேலிப்பரின் சீல்களையும் பேடுகளையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

ஹப்பில் டிஸ்க்கைப் பொருத்திச் சுழற்றி, டயல் கேஜ் வைத்து வெளிவிளிம்பில் பார்த்தால் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே தள்ளப்பட்டு, பெடல் நீளமாகப் போகும்; பிரேக் பிடிக்கையில் காலில் அதிரும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே விளைவுதான், ஆதலால் பேரிங்கை முதலில் மாற்றிவிடுங்கள்.

கேலிப்பர் பிராக்கெட்டை 8 முதல் 10 மி.மீ. எஃகுத் தகட்டில் வெட்டி, டிரம்மின் பின்தட்டு மாட்டியிருந்த அதே துளைகளில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். டிரெய்லிங் ஆர்மில் வெல்டிங் வைப்பதை நான் எதிர்க்கிறேன்: சூடு பட்ட இடத்துக்கு அருகே விரிசல் விட அது வழிசெய்யும், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாமல் போகும். போல்ட்கள் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்தவையாக இருக்கட்டும், 8.8 தர எம் 8 போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்.

குழாயும் பிரேக் ஆயிலும்?

எஃகுக் குழாயே போட வேண்டும். வெறும் செம்புக் குழாய் வளைக்க எளிது என்றாலும் அதிர்வில் இறுகி வெடிக்கும். டிரெய்லிங் ஆர்ம் ஏறி இறங்கும் இடத்தில் ரப்பர் ஹோஸ், முழுப் பயணத்திலும் இழுபடாமலும் டயரில் உரசாமலும் இருக்க வேண்டும். ஹோஸைக் கேலிப்பரில் இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்களைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுங்கள்.

ஆயில் டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடுகள்). புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், டாட் 3 அளவு 205. ஈரம் உறிஞ்சிய பின் அவை முறையே 155, 140 ஆக இறங்கிவிடும். கேரளப் பக்கத்து ஈரக்காற்றில் ஓடும் வண்டிக்கு ஆண்டுதோறும், மழை முடிந்த கையோடு ஆயில் மாற்றுவது நல்ல வழக்கம். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர்கள் உப்பிப் பிரேக் இறுகிக்கொள்ளும். ஏர் எடுக்கும் நிப்பிள் கேலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய், எத்தனை முறை மிதித்தாலும் உள்ளே காற்று தங்கும்.

முதல் ஓட்டத்தில் என்ன செய்ய வேண்டும்?

பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கையால் சுழற்றி, பெடலை மிதித்து விட்டதும் இரண்டும் ஒரே அளவில் விடுபடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில், மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து மென்மையாக, முழுதும் நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டு இருபது முறை போலப் பிடிக்க வேண்டும். பேட் தகட்டில் படிந்து பழகுவதற்கு இது தேவை. அதன் பின் ஈரத் தரையில் கடுமையாகப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்கிறதா என்பதை வெளியே நிற்கும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முந்திப் பூட்டினால் அழுத்தக் குறைப்பு வால்வை இன்னும் திருகிக் குறைக்க வேண்டும்.

டிஸ்க் போட்ட பின் மலை இறக்கத்தில் கவலையில்லாமல் வரலாமா?

வரக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் தாங்கிப்பிடிப்பது குறைவுதான் என்றாலும், ஏறிய கியரிலேயே இறங்குவதும், பிரேக்கைத் தொடர்ந்து உரசாமல் அழுத்தமாகப் பிடித்து விட்டு ஆறவிடுவதும் அவசியம். முன் டிரம் பழையதாகவே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? வண்டி டி.என். 41, நான் இருப்பது பாலக்காடு மாவட்டச் சித்தூரில்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட பிரிவு 182ஏ, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எனவே வேலைக்கு முன்பே, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள். வாடகைக்கு ஓடும், எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டிய வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது, ஆனால் அது இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கே. மூன்று சக்கரம் அதில் இல்லை. மேலும், பொள்ளாச்சியில் பதிவான டி.என். 41 வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சித்தூரில் வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்று இங்கே கே.எல். 70 எண்ணுக்கு மாற்ற வேண்டும். அந்தச் சமயத்தில் வண்டியை நேரில் பார்வையிடுவார்கள். மாற்றம் எழுத்தில் இல்லையென்றால் அங்கேயே நின்றுபோகும்.

பின்னாளில் பழையபடி டிரம்முக்குத் திரும்ப முடியுமா?

வெல்டிங் வைக்காமல், எதையும் அறுக்காமல் செய்திருந்தால் முடியும். டிரம், பின்தட்டு, ஷூ, வீல் சிலிண்டர், கேபிள், எடுத்த வால்வு ஆகியவற்றை இடம், வலம் என்று எழுதிக் கட்டி, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வையுங்கள். லைனிங்கில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.